அங்காடியும் அடிசிலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில், மதுரையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இவ்விழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் அழைத்தபோது, தலைப்பு என்ன என்று கேட்டார். "மதுரையின் உழவர் சந்தைக்குப் போவதும், ஊருக்குள் நல்ல உணவு தேடி உண்பதும்" என்றேன். சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு மிகுந்த மரியாதையோடு, "அம்மா, இலக்கியத் தலைப்பு என்று எதிர்பார்த்தோம்" என்றார். இதுவும் இலக்கியத் தலைப்புதான் என்று அவருக்கு வாக்களித்துவிட்டேன். அந்த வாக்கைக் காப்பாற்ற முடிகிறதா என்பதை இந்த அவை முடிவு செய்யட்டும்.

பத்துப்பாட்டில் உணவு என்பது என் முனைவர் பட்ட ஆய்வின் பொருள். நெல்லும் தினையும், ஊனும் மீனும், பாலும் தயிரும், எந்தப் பாட்டில் எத்தனையாவது அடியில் வருகின்றன என்று அட்டவணை இட்டவள் நான். ஆயினும் உணவைப் பற்றி நான் உண்மையில் கற்ற பாடங்கள் இரண்டு. ஒன்றை ஒரு சந்தையில் கற்றேன். மற்றொன்றை ஓர் உணவகத்தில் கற்றேன். கற்பித்தவர் இருவருமே எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள். அந்த இரண்டு பாடங்களையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நாளங்காடியும் அல்லங்காடியும்

மதுரையில் பிறந்தவர்க்குச் சந்தை என்பது இரத்தத்தில் ஊறியது. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி 782 அடிகள் கொண்டது. பத்துப்பாட்டுள் மிக நெடியது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை உணர்த்த எழுந்த அந்தப் பாட்டு, வழியிலே மதுரையின் கடைத்தெருக்களில் நெடுநேரம் நின்றுவிடுகிறது. பகலில் கூடும் நாளங்காடியும் மாலையில் கூடும் அல்லங்காடியும் புலவரின் கண்ணைப் பிடித்து நிறுத்திவிடுகின்றன. மேகம் முகந்தாலும் குறையாத, ஆறுகள் வந்து சேர்ந்தாலும் மிகாத கடலை அவர் அந்தச் சந்தைக்கு உவமை ஆக்குகிறார். வாங்குவார் எத்தனை பேர் வந்தாலும் தீராத, கொணர்வார் எத்தனை பேர் வந்தாலும் தேங்காத சந்தை அது.

அப்பாட்டில் நான் என்றும் மறவாத இடம் ஒன்று உண்டு. இரவு முதிர்ந்துவிட்டது. ஊர் அடங்கும் சாமம். தேன்கூடு போல் துளைகள் விழுந்த மெல்லிய அடைகளையும், இனிப்புப் பூரணம் வைத்துப் பிடித்த மோதகங்களையும் விற்கும் கூவியர், தங்கள் பண்டங்களின் அருகிலேயே அமர்ந்தபடி தூங்கி வழிகிறார்கள். கூவியர் என்றால் அப்பம் சுடுவோர். மன்னனின் வெற்றியையும் மாடங்களின் உயரத்தையும் பாட வந்த புலவர், அடை சுட்டவரின் தூக்கத்தையும் ஏன் பாட வேண்டும்? இந்தக் கேள்வியை இப்போதைக்கு இங்கே வைத்துவிட்டுச் செல்கிறேன். உரையின் முடிவில் இதனிடம் திரும்பி வருவேன்.

இன்றைய மதுரையின் வீதிகளும் சந்தையின் நினைவைச் சுமந்தே நிற்கின்றன. வெளியூரிலிருந்து வருவோர் பேருந்தை விட்டு இறங்கும் மாட்டுத்தாவணியின் பெயரையே பாருங்கள். தாவணி என்பது மாடுகளை வரிசையாகப் பிணைக்கும் நெடுங்கயிறு. பேருந்து நிலையமும் மலர்ச் சந்தையும் வந்த பின்னும், மாட்டுச் சந்தையின் கயிறு பெயரில் மட்டும் அறுபடாமல் கிடக்கிறது. மாட்டுச் சந்தையில் விலை பேசும் முறையை உங்களில் மூத்தவர்கள் கண்டிருப்பீர்கள். இருவர் கைகளையும் ஒரு துண்டு மூடியிருக்கும். துண்டுக்குள் விரல்கள் பேசும். அருகில் நிற்பவர்க்கும் விலை தெரியாது. இந்தத் துண்டை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

விளைவித்தவர் விலை சொல்லும் இடம்

1999 நவம்பர் 14ஆம் நாள் மதுரை அண்ணா நகரில் தமிழகத்தின் முதல் உழவர் சந்தையை அன்றைய முதலமைச்சர் கலைஞர் மு. கருணாநிதி திறந்துவைத்தார். அப்போது நான் கல்லூரி மாணவி. பஞ்சாபிலும் ஹரியாணாவிலும் 'அப்னி மண்டி' என்ற பெயரிலும், ஆந்திரத்தில் அதே 1999ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 'ரைது பஜார்' என்ற பெயரிலும் இவ்வகைச் சந்தைகள் முன்னரே தோன்றியிருந்தன. 2001க்குப் பின் நம் சந்தைகள் பல களையிழந்தன. 2006க்குப் பின் மீண்டும் உயிர் பெற்றன. அண்ணா நகர்ச் சந்தையில் எனக்கு இத்தனை ஆண்டுகளாகப் பழக்கம்.

அதன் நடைமுறை எளியது. உழவரின் நிலத்தையும் பயிரையும் அலுவலர்கள் பார்த்து உறுதி செய்த பின்பே படத்துடன் கூடிய அடையாள அட்டை வழங்குகிறார்கள். கடைக்கு வாடகை கிடையாது. தராசு சந்தையே தருகிறது. நாள்தோறும் காலையில் மொத்த விலைக்குச் சற்று மேலாகவும் வெளிக்கடை விலைக்குச் சற்றுக் கீழாகவும் விலை குறித்துப் பலகையில் எழுதிவிடுகிறார்கள். வாங்குபவருக்கும் ஆதாயம், விற்பவருக்கும் ஆதாயம். இடையில் இருந்த கை மட்டும் இல்லை.

கமிஷன் மண்டிக்குக் காய் கொண்டுபோன உழவரைக் கேட்டுப் பாருங்கள். அங்கே ஏலம் விடுபவர் விலை சொல்வார். எடுப்பவர் விலை சொல்வார். விளைவித்தவர் மட்டும் ஓரமாக நின்று தமக்கு எவ்வளவு விழுந்தது என்று கேட்டுக்கொள்வார். துண்டுக்குள் மறைந்திருந்த விலை பலகையில் ஏறிய இடம் உழவர் சந்தை. பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டின வணிகரைச் சொல்லும்போது, வாங்குகையில் கூடுதலாக அள்ளிக்கொள்ளாமலும் விற்கையில் அளவைக் குறைக்காமலும் நடந்தவர் என்கிறார். அவர்களின் நடுவுநிலைக்கு அவர் காட்டும் உவமை நுகத்தடியின் நடுவே நிற்கும் ஆணி. வணிகரின் நேர்மையைச் சொல்லவும் புலவருக்கு மாடு பூட்டும் நுகத்தடிதான் கைகொடுக்க வேண்டியிருந்தது.

அதே புலவரின் பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆய்மகள் வருகிறாள். விடியலில் தயிர் கடைந்து, மோரைத் தலையில் சுமந்து சென்று விற்று, மாற்றாகப் பெற்ற தானியத்தால் சுற்றத்தை உண்பிக்கிறாள். நெய்யின் விலைக்குப் பொன்னை நீட்டினால் வாங்க மாட்டாள். எருமையும் பசுவுமே கேட்பாள். பொன் தின்ன உதவாது, மாடு நாளையும் பால் கொடுக்கும் என்று அறிந்தவள் அவள். தன் பொருளின் விலையைத் தானே சொல்லும் பெண்ணை நம் இலக்கியம் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருக்கிறது. உழவர் சந்தையில் தராசின் பின்னால் அமர்ந்திருக்கும் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவள் நினைவுதான் வரும்.

விடியலில் அந்தச் சந்தைக்குள் நுழைவதே ஓர் இன்பம். முதல் பேருந்தில் வந்து இறங்கிய கூடைகளில் ஊர்ப்புறத்துப் பனி ஒட்டியிருக்கும். நேற்று மாலை பறித்த கத்தரிக்காயின் காம்பில் முள் இன்னும் குத்தும். புடலங்காய் வளையாமல் இருக்க நுனியில் கட்டிய கல்லின் தழும்பு தெரியும். தை பிறந்தால் அவரையும் மொச்சையும். சித்திரை வந்தால் மாங்காயும் வெள்ளரியும். நாட்காட்டி பார்க்காமலே மாதம் தெரியும். ஒரே கத்தரிக்காயை ஒரு கூடைக்காரர் எண்ணெய்க் குழம்புக்கு என்பார். அடுத்த கூடைக்காரர் அவருடையது சுட்டுக் கடையத்தான் ஏற்றது என்பார். விளைவித்தவருக்கே தெரியக்கூடிய செய்தி அது. குளிரூட்டிய பெருங்கடைகளில் காய்க்கு விலைச் சீட்டு ஒட்டியிருக்கும். என்ன செய்து உண்பது என்று அங்கே எவரும் சொல்லார்.

கொசுறாக வந்த பாடம்

இப்போது முதல் பாடத்துக்கு வருகிறேன். நான்காண்டுகளுக்கு முன் ஒரு மார்கழிக் காலை. வழக்கமாக நான் கீரை வாங்கும் மூதாட்டி ஒருவர். அரைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் வாங்கினேன். பணம் கொடுத்ததும், கூடையின் அடியிலிருந்து வேறொரு கீரையைக் கைப்பிடி அளவு எடுத்து, "இதையும் வச்சுக்க தாயி, கொசுறு" என்று என் பையில் போட்டார்.

"இது என்ன கீரைம்மா?"

"தெரியாதா? வேளை. வரப்போரம் தானா மொளச்சுக் கெடந்துச்சு, பறிச்சாந்தேன்."

அவையோரே, நான் திகைத்து நின்றேன். வேளை! சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் பாடிய வறுமைக் காட்சியில், குப்பையில் முளைத்த வேளைக் கீரையைத்தான் கிணைமகள் உப்பும் இன்றி வேகவைக்கிறாள். என் ஆய்வேட்டில் அதற்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். ஆண்டுதோறும் மாணவியர்க்கு அப்பகுதியை நடத்துகிறேன். கரும்பலகையில் நான் எழுதும் பொருள் என்ன தெரியுமா? 'வேளை: ஒருவகைக் கீரை.' அந்த ஒருவகை என் பையில் கிடந்தது. எனக்கு அடையாளம் தெரியவில்லை.

வெட்கத்தை மறைத்துக்கொண்டு மேலும் கேட்டேன். மூதாட்டி சொன்னார்: "வெள்ளப் பூவு பூக்குறது நல்வேளை. மஞ்சப் பூவு பூக்குறது நாய்வேளை. அதை நாங்க கறிக்குப் போடறதில்ல. பூவைப் பாத்துத்தேன் பறிக்கணும்."

வீட்டுக்கு வந்து கீரையை ஆய்ந்துகொண்டிருந்தபோது புறநானூற்றின் 215ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன், தன் நண்பர் பிசிராந்தையார் வாழும் நாட்டைச் சொல்கிறான். அந்நாட்டில் ஆய்மகள் ஒருத்தி வேளையின் வெண்மையான பூவை வெண்மையான தயிரில் இட்டுப் புளிங்கூழ் சமைக்கிறாள். அந்த 'வெண்மை'யை நான் இத்தனை ஆண்டுகளும் எப்படி விளக்கினேன்? தயிரின் வெண்மையோடு இயைந்து நிற்கும் ஓர் அழகு, நிறத்தின் மேல் நிறம் என்றேன். இலக்கணம் கேட்ட மாணவியிடம், அது இனஞ்சுட்டா அடை என்றும் சொல்லியிருக்கிறேன். செஞ்ஞாயிறு என்றால் கருஞாயிறு ஒன்று உண்டென்று பொருளில்லை அல்லவா, அதுபோல என்றேன்.

தவறு, அவையோரே. அது செந்தாமரை போன்றது. வெண்டாமரை ஒன்று இருப்பதால் செந்தாமரை என்கிறோம். மஞ்சள் பூ வேளை ஒன்று இருப்பதால் வெண்பூ வேளை என்று புலவன் பிரித்துச் சொல்லியிருக்கிறான். அழகுக்காக இட்ட சொல் என்று நான் நினைத்தது, எதைப் பறிக்க வேண்டும் என்று தெரிந்தவன் இட்ட சொல். சோறு பொங்கத் தெரிந்த ஊரில் வாழ்ந்த மன்னன் அவன். வேளைக்கீரையைக் கண்ணாலும் காணாமல் பட்டம் பெற்றவள் நான்.

அன்று முதல் 'ஒருவகை' என்ற சொல்லைக் கண்டால் எனக்கு அச்சம். நம் உரைகளையும் அகராதிகளையும் புரட்டுங்கள். ஒருவகைப் பூ, ஒருவகை மீன், ஒருவகைப் பண்ணியம். அப்பொருளைக் கையால் தொட்டவர் குறைந்துபோன இடத்தில்தான் அந்தச் சொல் வந்து உட்கார்கிறது. சந்தையின் விலைப்பலகையில் அன்று பல காய்களின் பெயர்கள் இருந்தன. வேளையின் பெயர் இல்லை. விலைக்கு வராத பொருள் அது. அது கொசுறாகத்தான் வர முடியும். கொசுறு கொடுக்கும் கை இருக்கும் வரையில்தான் வர முடியும். அந்த மூதாட்டியின் மக்களும் பேரர்களும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவருக்குப் பின் அந்தக் கூடையின் அடியில் எதைத் தேடுவது என்று அறிந்தவர் யார்? கவிஞர்களாகிய உங்களிடம் இந்தக் கேள்வியை விட்டுச் செல்கிறேன்.

ஊர் சுற்றி உண்ணல்

சந்தையில் வாங்கியதைச் சமைப்பது ஓர் இன்பம் என்றால், பிறர் சமைத்ததைத் தேடிச் சென்று உண்பது மற்றோர் இன்பம். அதற்கு மதுரையை மிஞ்சிய ஊர் எனக்குத் தெரியாது.

ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதங்களின் பெயர் தாங்கிய நம் வீதிகளில் மணத்தையே வழிகாட்டியாகக் கொண்டு நடக்கலாம். கீழமாசி வீதியின் மல்லி, மிளகாய் நெடி கடந்து விளக்குத்தூண் பக்கம் வந்தால் ஜிகர்தண்டா. சுண்டிய பாலும் பாசந்தியும் கடற்பாசியும் நன்னாரி மணக்கும் சர்பத்தும் சேர்ந்த அந்தக் குளிர்ச்சிக்குப் பெயர் வேற்றுமொழியினது; உரிமை முழுவதும் மதுரையினது. ஊறிய பருத்திக்கொட்டையை அரைத்துப் பிழிந்து, சுக்கும் இனிப்பும் சேர்த்துக் காய்ச்சிய பருத்திப்பாலை மழைக்கால மாலையில் தள்ளுவண்டியின் அருகே நின்று குடித்தவர்க்குத்தான் அதன் அருமை தெரியும். உழவன் மாட்டுக்கு வைக்கும் கொட்டையிலிருந்து மனிதன் பால் கறந்த விந்தை அது. முள்முருங்கை இலையை அரிசியோடு அரைத்துத் தட்டிய பச்சை வடை, முட்டையும் கொத்துக்கறியும் பரப்பிய கறிதோசை, சால்னாவில் ஊறும் புரோட்டா என்று பட்டியல் நீளும். இவற்றை உண்ணும் பழக்கம் எனக்கு இல்லை என்று எவரேனும் சொன்னால், நான் பெருமூச்சு மட்டும் விடுவேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக இரவு இட்லிக்கடை. ஊர் உறங்கிய பின்னும் தெருமுனையில் ஒரு விளக்கு எரியும். கொப்பரையின் மூடியைத் திறந்ததும் ஆவி எழும். ஈரத்துணியிலிருந்து இட்லி வழுக்கி இலையில் விழும். தேங்காய், தக்காளி, புதினா என்று சட்னிகள் அதைச் சூழும். மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையிருப்பவர், கடைசிப் பேருந்தில் வந்து இறங்கியவர், இரவுப் பணி முடித்தவர், திரைப்படம் பார்த்து வருபவர் எல்லாரும் அந்த விளக்கொளியில் ஒரே வரிசையில் நிற்பார்கள். மாங்குடி மருதனாரின் அல்லங்காடி இன்றும் கலையவில்லை என்று எனக்குத் தோன்றும்.

ஆனால், அந்த வரிசையில் எல்லாரும் நிற்க முடிந்தது எளிதில் வந்த பேறன்று. மீனாட்சியம்மன் கோயிலின் வாயில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அ. வைத்தியநாத ஐயரின் முயற்சியால் திறந்தது 1939 ஜூலை 8ஆம் நாள். உணவகத்தின் வாயில் திறக்க மேலும் காலம் ஆயிற்று. 1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆம் உறுப்பைப் படித்துப் பாருங்கள். சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றைக் காட்டி, கடைகளிலும் பொது உணவகங்களிலும் எவரையும் நுழைய விடாமல் தடுக்கக் கூடாது என்கிறது. கடையையும் உணவகத்தையும் அது ஒரே மூச்சில் சொல்கிறது. என் தலைப்பில் உள்ள அங்காடியும் அடிசிலும் சட்டத்திலேயே அருகருகே நிற்பதைக் கண்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. சாதியோடு பாலையும் அது சேர்த்துச் சொல்வதைக் கவனியுங்கள். பெண்ணாகிய நான் அந்த ஒரு சொல்லில் சற்று நிற்க விரும்புகிறேன்.

உப்பை நினையாமல் உண்ட நாள்

நம் இலக்கியத்தில் பெண் சமைக்கிறாள், பெண் பரிமாறுகிறாள், விருந்தைப் போற்றுகிறாள். கணவனைப் பிரிந்திருந்த காலத்தில் தான் இழந்தவற்றைக் கண்ணகி சொல்லும்போது, விருந்தினரை எதிர்கொள்ளும் பேற்றையும் அவற்றுள் ஒன்றாகச் சொல்கிறாள். மதுரைப் புறஞ்சேரியில் ஆய்ச்சியர் கொடுத்த காய்களை மெல்விரல் சிவக்க அரிந்து சமைத்துக் கோவலனுக்குப் படைக்கிறாள். அன்று கண்ணகி உண்டாளா என்று இளங்கோவடிகள் நமக்குச் சொல்லவில்லை.

குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய 167ஆம் பாட்டு நாம் எல்லாரும் வகுப்பில் படித்து மகிழ்ந்தது. தயிர் பிசைந்த விரல். தாளிப்புப் புகை படிந்த கண். தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பு. கணவன் உண்டு, இனிது என்கிறான். அவள் முகம் நுண்ணிதாக மலர்கிறது. மிக அழகிய பாட்டு; அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவளுக்கு எவரேனும் சமைத்துப் போட்டு, அவள் உண்டு, இனிது என்று சொன்ன பாட்டு எங்கே? நான் முன்பு சொன்ன சிறுபாணாற்றுப்படையின் கிணைமகளோ, உப்பில்லாத கீரையைப் பிறர் காண நாணிக் கதவை அடைத்துவிட்டு உண்கிறாள்.

அடைத்த கதவு இன்றும் முழுவதும் திறந்துவிடவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கல்லூரி முடிந்து தனியே ஓர் உணவகத்துக்குச் சென்றேன். பொதுக்கூடத்தில் இடம் இருந்தது. ஆயினும் பணியாளர் என்னைத் திரை போட்ட 'குடும்ப அறை'க்கு அனுப்பினார். குடும்பம் உடன் வராத பெண்ணுக்கும் குடும்ப அறை. அவர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார். திரைக்குப் பின்னால் தனியே தோசை உண்ட எனக்குக் கிணைமகளின் கதவு நினைவுக்கு வந்தது.

இனி இரண்டாம் பாடம். 2009ஆம் ஆண்டு என் வாய்மொழித் தேர்வு நடந்தது. அதைக் காண ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். வழக்கம்போல் கட்டுச்சோறு கொண்டுவந்திருந்தார். மதுரைக்கு எத்தனையோ முறை வந்தவர் அவர். ஒருமுறைகூட வெளியில் உண்டதில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு வந்தாலும் புளிச்சோறு உடன் வரும். தேர்வு முடிந்ததும், "இன்று என் பேச்சைக் கேட்க வேண்டும்" என்று சொல்லி உணவகத்துக்கு அழைத்துச் சென்றேன்.

இலை போட்டார்கள். அம்மாவின் கண் தம் இலையில் இல்லை. அடுத்தவர் இலையில் சோறு தீர்ந்துவிட்டதைப் பார்த்து, "தம்பி, அங்க கேக்குறாங்க பாரு" என்று பரிமாறுபவருக்குச் சொன்னார். சாம்பார் வாளியை ஓரிடத்தில் வைத்தபோது, அதை எடுக்கக் கை நீண்டது, சட்டென்று இழுத்துக்கொண்டார். பரிமாறிய இளைஞரிடம், "நீ சாப்பிட்டியாப்பா?" என்றார். "எல்லாரும் எந்திரிச்ச பெறகுதாம்மா" என்றார் அவர். அம்மா தலையசைத்தார். அது அவருக்குப் புதிய செய்தி அன்று.

மெல்ல மெல்ல உண்டார். பாயசத்தை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார். எழுந்தபோது பழக்கத்தில் எச்சில் இலையைத் தாமே எடுத்துக்கொண்டு புறப்பட்டார், நான்தான் தடுத்தேன். வெளியே வந்ததும் கேட்டேன், "எப்படிம்மா இருந்தது?"

நன்றாக இருந்தது என்றோ, நம் வீட்டுக் குழம்பு போல் வராது என்றோ சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது இதுதான்: "உப்புச் சரியா இருக்கான்னு நெனைக்காமச் சாப்பிட்டேன்டி."

பதினேழு வயதில் மணமாகி வந்தவர். நாற்பதாண்டுகள் ஒவ்வொரு கவளமும் உண்ணும்போது உப்பு, புளி, உறைப்பு சரியாக இருக்கிறதா, பிறர் முகம் என்ன சொல்கிறது என்று நினைத்தே உண்டவர். அன்று ஒருநாள் நினையாமல் உண்டார். என் ஆய்வேட்டின் முந்நூறு பக்கங்களில் இந்த ஒரு செய்தி இல்லை. உண்ணும் பொருள்களை எல்லாம் பட்டியல் இட்ட நான், உண்பவள் மனத்தில் என்ன ஓடுகிறது என்று கேட்கவே இல்லை. அதன்பின் அம்மாவை இரண்டு முறைதான் வெளியே அழைத்துச் சென்று உண்ணச் செய்ய முடிந்தது. காலம் அவ்வளவே கொடுத்தது.

இந்த இரு பாடங்களும் எனக்கு ஒன்றாகவே தோன்றுகின்றன. சந்தையிலும் உணவகத்திலும் நாம் பெறும் இன்பம் உண்மையானது. அதைத் துறக்கச் சொல்ல நான் வரவில்லை. நன்றாக உண்ணுங்கள். ஊர் முழுதும் சுற்றி உண்ணுங்கள். ஆனால் அந்த இன்பத்துக்குப் பின்னால் பறித்த கை ஒன்று இருக்கிறது. அரைத்த கை ஒன்று இருக்கிறது. பறித்த கையோடு பேசினால் செத்துக்கொண்டிருக்கும் ஒரு சொல் நமக்குக் கிடைக்கும். சமைத்த கையை ஒருநாள் அமர வைத்துப் பரிமாறினால் இதுவரை எழுதப்படாத ஒரு பாட்டு கிடைக்கும்.

இப்போது, தொடக்கத்தில் வைத்துவிட்டு வந்த கேள்விக்குத் திரும்புகிறேன். மாங்குடி மருதனார் அடை சுடுவோரின் தூக்கத்தை ஏன் பாடினார்? அவர் அந்த அடையை உண்டிருக்க வேண்டும் என்று எண்ணுகிறேன். உண்டு முடித்ததும் போய்விடாமல், சுட்டவர் முகத்தை நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும். வென்ற வேந்தனைப் பாட வந்தவரின் கண்ணில் களைத்த கூவியரும் பட்டதனால்தான், மதுரைக்காஞ்சி வெறும் புகழ்மாலையாக நின்றுவிடாமல் ஓர் ஊரின் உயிரோவியம் ஆயிற்று.

இந்த உரையை எழுதி முடித்த இரவு, எங்கள் தெருமுனை இட்லிக்கடைக்குச் சென்றேன். பொதுவிடத்தில், வெளிச்சத்தில், மரப்பலகையில் அமர்ந்து நான்கு இட்லி உண்டேன். கடைக்கார அம்மா கொப்பரையைக் கழுவிக்கொண்டிருந்தார். கண்ணில் தூக்கம் நின்றது. "நீங்க சாப்பிட்டீங்களாக்கா?" என்று கேட்டேன். இத்தனை ஆண்டுகளில் இதைக் கேட்பது முதல் முறை என்பது கேட்ட பின்புதான் எனக்கு உறைத்தது. அவர் கை நின்றது. "கடைய எடுத்து வச்சுட்டுத்தான் டீச்சர்" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, ஒரு தட்டில் இரண்டு இட்லியை வைத்துக்கொண்டு பலகையில் என் அருகே வந்து அமர்ந்தார். சட்னி வாளி என் பக்கம் இருந்தது. நான் எடுத்துப் பரிமாறினேன்.

பத்தாண்டு கண்ட இந்த இலக்கிய வட்டம் இன்னும் பல பத்தாண்டுகள் காண வேண்டும். இங்கே பிறக்கும் கவிதைகளில் சந்தையின் பனியும் கொப்பரையின் ஆவியும் இருக்க வேண்டும்.